மல்லிகை கட்டிய பிறகு கேட்ட பால்

பிரியமான தாய்மாரே, சகோதரிகளே, நம் கண்ணீர் எந்தக் கண்ணிலிருந்து எதற்காக வந்தது என்று தவறாமல் அறிகிற ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

போன பெண்கள் ஜெபக் கூட்டத்தில் உபதேசியார் என்னிடம், "பாக்கியம், உன் சாட்சியை எழுதிக் கொடேன்" என்றார். நான் வாயாடி. பேசச் சொன்னால் பேசிவிடுவேன், எழுதுவதுதான் கஷ்டம். அதிலும் இதை எழுதுவது. ஆனாலும் எழுதுகிறேன். சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எல்லாரும் "கேட்டேன், கிடைத்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டும் கிடைக்காதவள் கோயிலில் பின் வரிசையில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் அந்தப் பின் வரிசைக்காரிதான். அவளுக்காக எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம் என் நாலாவது பிள்ளை செத்துப்போனான்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், மில்லுக்குப் பக்கத்துத் தெருவில். என் வீட்டுக்காரர் மாசிலாமணி மில்லில் பஞ்சு சுத்தம் பண்ணுகிற பகுதியில் வேலை செய்கிறார். காலைச் சங்கு ஊதுவதற்குள் அவருக்குக் கம்பஞ்சோறும் துவையலும் தூக்குச்சட்டியில் போட்டாக வேண்டும். மூத்தவள் கிருபைக்கு அப்போது எட்டு வயது. அடுத்தவன் சாமுவேலுக்கு ஐந்து. ரூத்துக்கு இரண்டு முடிந்திருந்தது. ஒருத்திக்குத் தலை பின்னும்போது ஒருவன் அடுப்புக்கரியைத் தின்பான். அவனை இழுத்துவந்து வாயைக் கழுவினால், சின்னவள் தண்ணீர்ப் பானைக்குள் அப்பாவின் செருப்பைப் போட்டிருப்பாள். யுத்த காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் நிற்க வேண்டும். இந்தச் சந்தைக்கடைக்கு நடுவில்தான் ஜெபமணி பிறந்தான். நல்ல நிறம், தலை நிறைய முடி. கிருபை பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையைக் கழற்றாமலே தொட்டிலைப் பிடித்துக்கொள்வாள். ரூத்துக்கு மட்டும் பொறாமை. அவனுக்குப் பால் கொடுக்கும்போது என் முதுகில் ஏறி உட்கார்ந்து என் கொண்டையைப் பிடித்து இழுப்பாள். "நாலு பிள்ளை பெத்தவ கொண்டை போடுறது எதுக்கு, இழுக்கத்தான்" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

பிள்ளை பிறந்து மாதம் திரும்பவில்லை. ஒரு நாள் உடம்பு கொதித்தது. சாயங்காலம் பால் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு இசிவு வந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்த தாய்க்கு அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு எழுதினாலும் தெரியாது. டாக்டரும் தம்மால் ஆனதைச் செய்தார். நான் சோறு தண்ணீர் இல்லாமல் முழங்காலில் கிடந்தேன். "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும், பிள்ளையை விட்டுவிடும்" என்று கேட்டேன். சபையார் வந்து என்னோடு சேர்ந்து கேட்டார்கள். உபதேசியார் அழுது கேட்டார். இத்தனை பேர் ஒன்றாகக் கேட்டால் ஆண்டவர் இல்லை என்று சொல்லமாட்டார் என்று நான் உறுதியாக நம்பினேன். காலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது என் மடியிலேயே அவன் மூச்சு நின்றுவிட்டது.

கல்லறைத் தோட்டத்துக்கு அவனை என் வீட்டுக்காரர் கையிலேயே தூக்கிக்கொண்டு போனார். பெட்டி செய்கிற அளவு கூட இல்லை. நான் அழவில்லை. அழுகை வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தொட்டிலை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. ரூத் அகப்பையை ஒரு துணியில் சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்டினாள். "தம்பி அழாத, அம்மா வாராக" என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு கிருபை வெளியே ஓடிப்போய் நின்றாள்.

எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது. "நீர் கேட்கிறவர் என்றால் இதைக் கேட்டிருக்க வேண்டும், கேளாதவர் என்றால் நான் எதற்கு முழங்கால் தேய நின்றேன்?" என்று சொன்னேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிள்ளை போனது பாலுக்குத் தெரியாதே. அது பாட்டுக்கு ஊறியது. மார்பு கல்லாகக் கனத்து, தொட்டால் உயிர் போகிற வலி. தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும், ரூத் விழுந்து அழுதாலும், ரவிக்கை நனைந்துவிடும். அந்த ஈரத்தைக் காணும்போதெல்லாம் என் பிள்ளை பசியோடு எங்கோ கிடக்கிறான் என்று தோன்றும். புத்தி கெட்டுப்போய்விடும் போல இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் சுப்பம்மா இருந்தாள். தெலுங்கு பேசுகிற குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பால் கட்டிக்கொண்டால் மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். விரியாத மொட்டாக எடுத்து, மார்பில் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டவேண்டும். வாடினதும் எடுத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டும். பால் தானாக வற்றிவிடும். சுப்பம்மா தினமும் காலையில் மொட்டு வாங்கி வந்து கட்டிவிட்டாள். கட்டும்போது தன் பாஷையில், "ஏடவொத்தம்மா, ஏடவொத்து" என்று சொல்லுவாள். அழாதே என்று அர்த்தம். நான் எங்கே அழுதேன்? அவள்தான் அழுதாள்.

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வைக்கிற பூ என் வீட்டில் இந்த வேலைக்கு வந்தது. வாசனை வீடு முழுவதும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "ஆண்டவரே, பிள்ளையைத்தான் தரவில்லை. இந்தப் பாலையாவது எடுத்துவிடும்" என்று கேட்டேன். பிள்ளை போன பிறகு நான் சண்டை போடாமல் கேட்ட ஜெபம் அது ஒன்றுதான். அது கேட்கப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது, மார்பு தளர்ந்தது. ரூத் அழுதாலும் ரவிக்கை நனையவில்லை.

சுப்பம்மாவுக்குப் பூ விற்றவள் வேலம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை ரயிலில் கூடையோடு வந்து, எங்கள் தெரு முனையில் உட்காருகிறவள். தொடுத்த சரம் வேண்டாம், மொட்டாகவே வேண்டும் என்று ஒருத்தி நாள்தோறும் வந்து வாங்கினால் பூக்காரிக்குத் தெரியாதா? அவள் சுப்பம்மாவைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

"நாரு வேண்டாங்கீக, சரம் வேண்டாங்கீக. உங்க வீட்டுல விசேஷமும் இல்ல. யாருக்குப் பால் கட்டுதீக?"

சுப்பம்மா சொல்லியிருக்கிறாள். கேட்டவள் பூக்கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு அவளோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

"அக்கா, என் தங்கச்சி பிள்ளை ஒண்ணு கெடக்கு. பெத்துப் போட்டுட்டு அவ கண்ணை மூடிட்டா. மூணு பொட்டைப் பிள்ளைக்குப் பொறவு பொறந்த பய. பசும்பால் குடுத்தா கக்குதான். ஆட்டுப்பால் குடுத்தா வயித்தால போவுது. பஞ்சை நனைச்சு வாயில வச்சுக்கிட்டு இருக்கோம்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்கா பஞ்சம்? ஊர் முழுக்க மாடு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

நான் திரும்பவில்லை. என் பிள்ளை படுத்த இடம் இன்னும் சூடு ஆறவில்லை, அதற்குள் இன்னொன்றா என்று நெஞ்சு எரிந்தது. வேலம்மாள் சற்று நேரம் நின்று பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பூக்காரியிடம் மௌனமாக இருந்தால் அப்படித்தான், பூவை அளந்து மடியில் போட்டுவிடுவாள்.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறின நேரத்தில் பிள்ளையோடு வந்து நின்றாள். பூக்கூடையில் ஈரத்துணி விரித்து, வாழை இலை போட்டு, அதன் மேல் பிள்ளையைப் படுக்கவைத்து, இன்னொரு இலையால் மூடி எடுத்து வந்திருந்தாள். வாடாமல் கொண்டுவர அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். கூடையும் பிள்ளையும் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் ஆற்று நாணலில் பிள்ளையைக் கண்டெடுத்த அந்த வேதத்து ராஜகுமாரத்தி இல்லை. மில் கூலிக்காரர் பெண்டாட்டி, தலை வாராமல் கிடந்தவள்.

இலையை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையா அது? தோல் சுருங்கி, கண் உள்ளே போய், கிழவன் முகம். நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. அழக்கூடச் சத்தமில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நான் எப்போது எழுந்தேன், எப்போது மார்புக் கட்டை அவிழ்த்தேன் என்று நினைவில்லை. வாடின மல்லிகை தரையெல்லாம் கொட்டியது. பிள்ளையை வைத்தேன். அவன் பற்றினான். உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை.

மறுபக்கம் வைத்தேன். அங்கும் இல்லை. அவன் விட்டுவிட்டு வாயைத் திறந்து என்னைப் பார்த்தான்.

சகோதரிகளே, ஜெபமணி செத்தபோது வராத நடுக்கம் எனக்கு அப்போது வந்தது. பால் இருந்தபோது வேண்டாம் என்று கேட்டு வாங்கினேனே! "சுப்பம்மாக்கா, வத்திப்போச்சே, கட்டி வத்த வச்சுட்டோமே" என்று கத்தினேன். சுப்பம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். கட்டினது அவள் கைதானே.

நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே ஜெபம் பண்ணினேன். முழங்கால் போட வழியில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. "ஆண்டவரே, முதலில் கேட்டதை நீர் தரவில்லை. இரண்டாவது கேட்டதை உடனே தந்துவிட்டீர். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். எனக்கு வலி வேண்டும், பால் வேண்டும். இந்தப் பிள்ளையும் என் மடியில் போகக்கூடாது. இன்னொன்றை என்னால் தாங்க முடியாது" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். நல்ல வார்த்தை ஒன்றும் அதில் இல்லை.

பால் உடனே வந்துவிடவில்லை. அது என் சாட்சி இல்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சுப்பம்மா ரோஷத்தோடு இறங்கிவிட்டாள். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி உருண்டை உருண்டையாக வாயில் திணித்தாள். சுறாப்புட்டு செய்தாள். முருங்கைக்கீரையை மரத்தோடு பிடுங்கி வந்துவிடுவாள் போல இருந்தது. மல்லிகை வாசனை இருந்த வீடு பூண்டு நாற்றம் அடித்தது. சாமுவேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட ரசம் வாசம் வருது" என்றான். பிள்ளைக்கு வெந்நீரும் சர்க்கரையும் பாலாடைக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விட்டோம். இடையில் இடையில் மார்பில் வைத்தேன். உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும் என்று சுப்பம்மா சொன்னாள். அவனோ இரண்டு தடவை உறிஞ்சுவான், களைத்துப்போய்க் கண்ணைச் செருகிவிடுவான். நான் அவன் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புவேன். அடுப்பைக் கிருபை பார்த்துக்கொண்டாள். கஞ்சியைக் கருக்கி, உப்பை இரண்டு தடவை போட்டு, அழுதுகொண்டே எல்லாருக்கும் ஊற்றினாள். என் வீட்டுக்காரர் அதையே குடித்துவிட்டு மில்லுக்குப் போனார்.

பிள்ளையின் தகப்பன் கோவிந்தன் பார்க்க வந்தார். பூந்தோட்டத்தில் கூலிவேலை செய்கிறவர். வீட்டுக்குள் வரச் சொன்னாலும் வரமாட்டேன் என்று தெருவில் வெயிலில் நின்றார். கிருபை தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வாசலில் நின்றபடி சொன்னார்.

"தாயி, பொழைச்சா அவன் உம்ம பிள்ளை. போயிட்டாலும் உம்ம மேல குத்தமில்ல. மனசைப் போட்டு வருத்திக்கிடாதேயும்."

அந்த மனுஷன் தன் பெண்டாட்டியைப் புதைத்த கையோடு வந்து எனக்கு ஆறுதல் சொன்னார். நான் யாருக்கு அப்படி ஆறுதல் சொன்னேன்? என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பிள்ளையை எடுத்து மறுபடியும் வைத்தேன். அவன் வாயால் தேடினான். நான் தலையைத் தடவி, "குடி ஐயா, குடி ஜெபமணி" என்றேன்.

தெரிந்து சொல்லவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. புதைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை, வீட்டில் யாரையும் சொல்லவும் விட்டதில்லை. சொன்னதும் உள்ளே எதுவோ அறுந்தது. "ஐயோ என் பிள்ளையே, என் ஜெபமணியே" என்று வாய்விட்டு அழுதேன். தெருவே வந்து நின்றது. மடியிலிருந்த பிள்ளை பயந்து என்னை இன்னும் இறுக்கிப் பிடித்து உறிஞ்சினான். அப்போது மார்பில் சுருக்கென்று அந்தப் பழைய வலி வந்தது. நான் எடுத்துவிடச் சொன்ன அதே வலி. பிள்ளை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாயோரத்தில் ஒரு துளி வழிந்து திருநீற்றுக் கீற்றுள்ள அந்த முகத்தில் இறங்கியது. சுப்பம்மா அதைக் கண்டாள். "பாலு, பாலு!" என்று தெருவில் நின்றவர்களுக்குக் கூவிச் சொன்னாள். நான் அழுகையை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவன் தேறினான். முதலில் கன்னம் தெரிந்தது, பிறகு தொடை. பிறகு அழுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. கோவிந்தன் அவனுக்கு அழகர் என்று பெயர் வைத்தார். ரூத் தொட்டிலிலிருந்து அகப்பையை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு, மறுபடியும் என் முதுகில் ஏறி கொண்டையை இழுக்கத் தொடங்கினாள். வேலம்மாள் தினமும் ரயிலிறங்கி, முதலில் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் கடை விரிப்பாள். அவர்கள் தெருவில் சிலர், "வேதக்காரி பாலையா குடிக்கான்?" என்று கேட்டார்களாம். "பிள்ளை சாகக் கெடந்தப்ப வராத வாய் இப்ப எதுக்கு வருது?" என்று வேலம்மாள் கேட்டுவிட்டாள். எங்கள் பக்கமும் ஆள் உண்டு. சபையில் ஒரு அக்கா, "திருநீறு பூசின பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு இருக்கியே பாக்கியம்" என்றாள். "பசி நெத்தியைப் பார்த்தா வருது?" என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் நெடுநாள் பேசவில்லை. பிறகு அவளே ஒரு நாள் பிள்ளைக்கு மருந்து உரைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு வயது நெருங்கினதும் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவினேன். அவன் வாயை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். ஏமாற்றிவிட்டேன் என்று என்னை அடித்தான். கோவிந்தன் "உம்ம பிள்ளை" என்று சொன்ன சொல்லை மாற்றவில்லை, வந்து கேட்கவும் இல்லை. ஆனால் அங்கே மூன்று அக்காமார் தம்பி எப்போது வருவான் என்று காத்திருந்தார்கள். தாயையும் கொடுத்து தம்பியையும் கொடுப்பார்களா அந்தப் பிள்ளைகள்? நானே ரயிலில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போது மடி வெறுமையாக இருந்தது. மறுபடியும் ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வருவது போலத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தடவை சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. ஸ்டேஷனில் என் வீட்டுக்காரரும் மூன்று பிள்ளைகளும் நின்றார்கள். சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

"உன் பிள்ளையைக் காப்பாற்றாதவர் ஊரான் பிள்ளைக்குப் பால் கொடுத்தார் என்பது ஒரு சாட்சியா?" என்று என்னை ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஜெபமணியை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைக்காகத்தான் அவனை எடுத்தார் என்று சிலர் ஆறுதலாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து எந்தத் தாயிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் சண்டை பிடித்த நாளிலும் அவர் என் வாசலைவிட்டுப் போகவில்லை. வற்றினது மறுபடி ஊறியது. நான் கண்டேன், சுப்பம்மா கண்டாள், பிள்ளை குடித்தான். இப்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை இறந்தாலும் நான் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். வசனம் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி அழவிடுவேன்.

போன வாரம் வேலம்மாளோடு அழகர் ரயிலில் வந்தான். கையைப் பொத்திக்கொண்டு வந்து, "ராசபாளையத்து அம்மா, பாருங்க" என்று விரித்துக் காட்டினான். விழுந்த முதல் பல். அரிசி போல வெள்ளையாக இருந்தது. நான் அவனை மடியில் இழுத்து வைத்து வாயைத் திறக்கச் சொல்லி ஓட்டையைப் பார்த்தேன். என் ஜெபமணிக்கும் இந்நேரம் பல் விழுந்திருக்கும்.

பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் சகோதரியே, உனக்குக் கிடைக்காமல் போனதை மறந்துவிட்டு வா என்று நான் கூப்பிடவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே வா. அழுதுகொண்டே கேள். நான் அப்படித்தான் கேட்டேன், கேட்டவளுக்குப் பால் வந்தது. ஆமென்.